அடுத்த கேள்வி

மிக்ஸி ரிப்பேர் கடைக்கு மாடியில் நடந்த பாடம் இது. குருவுக்கு வயது இருபத்தாறு. சீடருக்கு முப்பத்தொன்று. அதனால் குரு சீடரை அக்கா என்பார். சீடர் குருவை டீச்சர் என்பார். கீழே கடைக்காரர் மிக்ஸியை ஓட்டிப் பார்க்கும்போது ஞானம் எதுவும் மேலே ஏறாது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள்.

குருவின் பெயர் நபீலா. தக்கலைக்காரர். ஹைதராபாத்தில் ஆங்கிலம் எம்.ஏ. படித்துவிட்டுத் திரும்பி வந்து, நாகர்கோவிலில் அந்த மாடியைப் பிடித்து, அதே எம்.ஏ.வின் நுழைவுத்தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தார்.

சீடர் ஜெசிந்தா. கடற்கரை ஊர். பி.ஏ. முடித்த கையோடு கல்யாணம். இப்போது பக்கத்து ஸ்கூலில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'ஏ ஃபார் ஆப்பிள்' சொல்லிக்கொடுக்கிறாள். எம்.ஏ. இருந்தால் கல்லூரிப் பக்கம் போகலாம். இல்லையென்றால் ஆப்பிளோடு கிழவியாக வேண்டியதுதான். வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் கல்லூரிக் கடைசி வருஷப் பிள்ளைகள். அவர்களும் அவளை அக்கா என்றார்கள். ஒருத்தி மட்டும் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

சனிக்கிழமைதோறும் மாதிரித் தேர்வு. அது முடிந்ததும் டீச்சர் எத்தனை சரி என்று கேட்பதில்லை. எத்தனை விட்டீர்கள் என்றுதான் கேட்பார். அந்தப் பரீட்சை அப்படி. இரண்டு தப்பு ஒரு சரியைத் தின்றுவிடும். தெரியாத கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போகத் தெரிந்தவர்தான் கரை சேர முடியும்.

பிள்ளைகள் விட்டதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஜெசிந்தாவின் முறை வந்தால் தலை குனிவாள். அவள் எதையும் விடுவதில்லை. எந்த நூற்றாண்டு என்று கேட்டாலும் ஒரு நூற்றாண்டின் வட்டத்தைக் கறுப்பாக்குவாள். எது முதலில் வந்தது என்று கேட்டாலும் ஒன்றை முதலில் நிறுத்துவாள். விடைத்தாளில் எறும்பு நடக்க அக்கா இடம் வைக்கவில்லை என்று ஒரு பையன் சொன்னான். வகுப்பு சிரித்தது. ஜெசிந்தாவும் சிரித்தாள். மதிப்பெண்ணைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. சரியானவை நிறைய இருந்தன. தப்பானவை அவற்றையெல்லாம் தின்றிருந்தன.

"ஏன்க்கா விட மாட்டேங்கறீங்க?" என்று டீச்சர் கேட்டார்.

ஜெசிந்தா காரணத்தைச் சொன்னாள். பத்தாம் வகுப்பில் ஸ்டெல்லா டீச்சர் என்று ஒருவர். பரீட்சைக்கு முந்தின நாள் எல்லோரையும் மண்ணில் உட்காரவைத்து, மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னாராம். பிள்ளைகளா, ஒரு கேள்வியையும் விட்டுட்டு வராதீங்க. ஒண்ணும் தெரியலியா, கேள்வியையே அழகா திருப்பி எழுதி, அடிக்கோடு போட்டுட்டு வாங்க. பேப்பர் திருத்துகவருக்கும் பிள்ளைகள் உண்டு.

"சயின்ஸ்ல நான் அப்படித்தான் பாஸானேன் டீச்சர். வெறும் இடத்தைப் பாத்தா இப்பவும் எதையாவது எழுதிருவேன்."

டீச்சர் கரும்பலகைப் பக்கம் போனார். சாக்பீஸ் எடுத்து எழுதினார். என் வாப்பாவுக்குப் பிடித்த நிறம் எது? கீழே நான்கு நிறங்கள். பச்சை, நீலம், வெள்ளை, மஞ்சள்.

"சொல்லுங்கக்கா."

"பச்சை," என்றாள் ஜெசிந்தா, யோசிக்காமல்.

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. ஜெசிந்தாவுக்குக் காது சிவந்தது.

"எங்க வாப்பாவைப் பார்த்திருக்கீங்களா?"

"இல்ல டீச்சர்."

"பின்னே எப்படித் தெரியும்?"

"தெரியாது டீச்சர்."

"அதைச் சொல்ல ஏன் இவ்வளவு நேரம்?"

ஜெசிந்தா கரும்பலகையைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியதும் உண்மையான விடை என்னவென்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள்.

"வாப்பாவுக்கே தெரியாது. கடையில எது விலை குறைச்சலோ அதை வாங்குவார்," என்று சொல்லி டீச்சர் அழித்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஜெசிந்தா விடப் பழகினாள். ஒரு கேள்வியை விடுவது அவளுக்கு ஒரு பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு நடப்பது மாதிரி இருந்தது. திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். பேனா அந்த வட்டத்தின் மேலேயே சுற்றும். டீச்சர் பின்னால் வந்து நின்று மெதுவாகத் தாளைத் தட்டுவார். பேனா அடுத்த கேள்விக்கு நகரும். மதிப்பெண்ணும் நகர்ந்தது. இப்படியே போனால் ஹைதராபாத்தில் இடம் கிடைக்கும் என்று டீச்சர் ஒருநாள் சொன்னார்.

அதைக் கேட்டு ஜெசிந்தா சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. எல்லோரும் படியிறங்கிப் போன பிறகும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"வீட்ல ஒரு கேள்வி இருக்கு டீச்சர். அதை விட முடியல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அதுவரை வகுப்பில் யாருக்கும் தெரியாது.

அவள் வீட்டுக்காரர் கிளீட்டஸ் ஆழ்கடலில் தங்கி மீன் பிடிக்கப் போனவர். போன விசைப்படகு திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, படகின் பலகையும் கிடைக்கவில்லை. இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. ஊரில் எல்லோரிடமும் விடை இருந்தது. மீனவர் சங்கத்துக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சொல்வதற்கு ஒன்றுமில்லை, இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியாது என்று நீட்டி நீட்டிக் கடைசியில் ஆள் இல்லை என்றார். கொழுந்தன் விரலால் காற்றில் வரைபடம் போட்டு, ஓமன் பக்கம் ஒதுங்கியிருப்பான், காகிதம் இல்லாததால் ஜெயிலில் வைத்திருப்பார்கள், அந்த ஜெயிலில் மத்தியானம் பிரியாணியாம், அண்ணன் தடிச்சுப்போய் வருவான் என்றார். மாமியார் ஜெபமாலை சொல்கிற அதே ராகத்தில் என் பிள்ளைக்கு நீச்சல் தெரியும், என் பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்பார். ஒரு மணிக்கு ஒரு தடவை.

அஜின் இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஜெசிந்தாவின் ஒரே பிள்ளை. சாயங்காலம் பள்ளிக்கூடப் பையை இறக்கி வைத்ததும் கேட்பான். அப்பா வருவாவளா? ஜெசிந்தா வருவாவ மக்கா என்பாள். எப்ப? அதற்கும் பதில் வைத்திருப்பாள். ஊர்த் திருவிழாவுக்கு. திருவிழா முடிந்துவிட்டால் கிறிஸ்மஸுக்கு. கிறிஸ்மஸ் முடிந்துவிட்டால் பள்ளிக்கூடம் திறக்கும்போது. பையன் சரி என்று சொல்லிவிட்டு விளையாடப் போவான். இப்போதெல்லாம் சரி என்று சொல்வதில்லை. விளையாடவும் போவதில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"நீங்க சொல்றது உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"பிள்ளைட்டப் போய் தெரியாதுன்னு எப்படிச் சொல்லுகது? உடைஞ்சுருவான் டீச்சர்."

கீழே மிக்ஸி ஓடியது. நின்றது.

"பரீட்சையில ஒரு கேள்வியை விட்டதும் என்ன பண்ணுவீங்க?"

"அடுத்த கேள்விக்குப் போவேன்."

"அஜினோட அடுத்த கேள்வி என்ன?"

பையன் அந்தக் கேள்வியைத் தாண்டி எதுவும் கேட்டதாக அவளுக்கு நினைவில்லை.

அன்று சாயங்காலம் அஜின் பையை இறக்கி வைத்தான். கேட்டான்.

"தெரியாது மக்கா," என்றாள் ஜெசிந்தா.

அடுப்படியில் மாமியாரின் கரண்டி நின்றது. தெரியாதா, பெத்த பிள்ளைட்ட சொல்லுக பதிலாட்டி இது, வாயில நல்ல வார்த்தை வராதா, இந்த இங்கிலீஸ் படிப்பு படிச்சு நீ இதைத்தான் கத்துக்கிட்டு வந்தியா என்று மூச்சுவிடாமல் கேட்டார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அஜின் உடையவில்லை. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தான். அவள் அழுகிறாளா என்று பார்த்தான். அவள் அழவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கால் விரலால் தரையில் எதையோ கிறுக்கினான். பிறகு கேட்டான்.

மறுநாள் ஜெசிந்தா வகுப்பு தொடங்கும் முன்பே மாடியேறி வந்தாள்.

"அடுத்த கேள்வி தெரிஞ்சுட்டு டீச்சர்."

"என்ன கேட்டான்?"

"அப்போ நீயும் போயிருவியான்னு கேட்டான்."

ஹைதராபாத் பற்றி அவள் பையனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமியாரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கிடைத்தால் ஹாஸ்டலில் தங்க வேண்டும், லீவுக்கு லீவுதான் வரமுடியும், பிள்ளையை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. மாமியார் அதைக் குழம்பிடமும் சொல்லியிருக்கிறார், கோழியிடமும் சொல்லியிருக்கிறார். பையன் கேட்டிருக்கிறான். கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போயிட்டு வாறேன் மக்கான்னு சொல்ல வாயெடுத்தேன். அவன் அப்பாவும் அதைத்தான் சொல்லிட்டுப் போனாவ. வாசல்ல நின்னு. பிள்ளை கன்னத்தைக் கிள்ளிட்டு."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"போகமாட்டேன்னு சொல்லிட்டேன் டீச்சர். பரீட்சை எழுதல. இன்னைக்கு அதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்க இவ்வளவு சொல்லித் தந்தீங்க. மன்னிச்சிருங்க."

"போகமாட்டேன்னு சொன்னதும் அவன் என்ன பண்ணினான்?"

"முகத்தையே பாத்துட்டு நின்னான்."

"சரின்னு சொன்னானா?"

"சொல்லல."

டீச்சர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ வாயார வைதுகொண்டிருந்தார். அது முடியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினார்.

"ஹால் டிக்கெட் வந்துட்டா?"

"வந்துட்டு."

"சென்டர் எங்க போட்டிருக்கு?"

"திருநெல்வேலி. ஆனா நான்தான் எழுதலைன்னு..."

"அன்னைக்கு அஜினையும் கூட்டிட்டு வாங்க."

"பிள்ளையை உள்ள விடமாட்டாங்க டீச்சர்."

"வெளியே விடுவாங்கல்ல. நான் அவன்கூட நிக்கிறேன். எனக்கு அன்னைக்கு வேற ஜோலி இல்லை."

"எதுக்கு டீச்சர்?"

டீச்சர் காலையில் எந்த பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேரலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். ஜெசிந்தா அந்த பஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

திருநெல்வேலியில் அது ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரி. பெரிய இரும்புக் கேட்டு. அதற்கு முன்னால் ஒரு திருவிழாவுக்கான கூட்டம். ஒரு அப்பா மகளிடம் கடைசி நிமிஷத்தில் இலக்கியக் காலங்களை ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கே அதன் தலையும் வாலும் தெரியாது, கையிலிருந்த தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். ஒரு அம்மா பையன் நெற்றியில் திருநீறு வைத்து ஊதினார். பையன் தும்மினான். ஐயோ தும்மிட்டான், கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போகச் சொல்லுங்க என்று அந்த அம்மா ஊரைக் கூட்டினார். டீச்சரின் மாணவர்கள் ஜெசிந்தாவைப் பார்த்துக் கையாட்டினார்கள். எறும்புக்கு இடம் வையுங்கக்கா என்று ஒருவன் சொல்லிவிட்டு உள்ளே ஓடினான்.

அஜின் அம்மாவின் கையை விடவில்லை. பஸ்ஸிலும் விடவில்லை. வரிசையிலும் அவளோடு நின்றான்.

கேட்டில் காவலாளி ஒரே மூச்சில் பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டிருந்தார். செல்போன் கூடாது, வாட்ச் கூடாது, பெல்ட் கூடாது, கம்மல் கூடாது, கொலுசு கூடாது, கையில கயிறு கூடாது, கழுத்துல ஒண்ணும் கூடாது. ஜெசிந்தா கம்மலை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள். அவர் அவள் கழுத்தைப் பார்த்தார்.

"செயினைக் கழட்டிருங்கம்மா."

"தாலிண்ணே."

"அதுவும் மெட்டல்தானம்மா. கருவி கத்தும்." அவர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்காரர் வந்திருக்காருல்லா? அவர்ட்ட குடுத்துட்டு வாங்க."

ஊரில் யாரும் அவளிடம் கேட்கத் துணியாததை அவர் வெயிலில் நின்றுகொண்டு சாதாரணமாகக் கேட்டுவிட்டார். பின்னால் வரிசை நெருக்கியது. ஜெசிந்தா அந்தக் கேள்விக்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள். இரண்டு கையையும் பிடரிக்குக் கொண்டுபோனாள். கொக்கி சிக்கிக்கொண்டது. டீச்சர் உதவப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் அதுவே கழன்று வந்தது.

அவள் குனிந்து, பையனின் உள்ளங்கையை விரித்து, அதில் வைத்து மூடினாள்.

"பிடிச்சுக்கோ மக்கா."

போயிட்டு வாறேன் என்று வாசலில் நின்று சொல்கிற அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. உள்ளே நடந்தாள். ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கூட்டம் அவளை மறைத்தது. மணி அடித்தது. காவலாளி கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார்.

வெளியே பெற்றோர்கள் மரநிழலில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார்கள். தும்மல்காரனின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். டீச்சர் சர்பத் வாங்கி வந்தார். அஜின் வேண்டாம் என்றான். வெயிலாக இருக்கிறது, நிழலுக்கு வா என்றார். வரமாட்டேன் என்றான். கேட்டுக்கு நேராக, கம்பி இடைவெளியில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றான். டீச்சர் சர்பத்தைத் தானே குடித்துவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார். துப்பட்டாவை இழுத்து அவன் தலைக்கு மேல் பிடித்தார்.

வெயில் ஏறியது.

"டீச்சர், அம்மா இந்தக் கேட்டு வழியாத்தான் வருவாளா?"

"ஆமா."

"வேற வழி?"

"வேற வழி கிடையாது. நானும் கேட்டுட்டேன். இது ஒண்ணுதான்."

அவன் செயினை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். வியர்வையில் அது உள்ளங்கையில் ஒட்டியிருந்தது.

"அப்ப இங்க நின்னா போதும்."

"போதும்."

மறுபடியும் கம்பிக்குள் பார்த்தான். உள்ளே யாரும் இல்லை. ஒரு நாய் மட்டும் குறுக்கே நடந்து போனது.

"டீச்சர்."

"என்னடா?"

"அப்பா போன இடத்துக்குக் கேட்டு எங்க இருக்கு?"

டீச்சர் வெயிலில் முட்டி போட்டு அவன் உயரத்துக்கு வந்தார். அவன் பார்த்துக்கொண்டிருந்த இடத்தையே தானும் பார்த்தார்.

"கடலுக்குக் கேட்டு கிடையாது மக்கா. அதான் எங்க போய் நிக்கிறதுன்னு உங்கம்மாவுக்கும் தெரியல."